கால்வாய் பார்த்த சொகுசு வீடு

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், என் மனைவியை ஏமாற்றுவது என்று.

பதறாதீர்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி ஏமாற்றுவதற்கு எனக்கு முகவெட்டும் கிடையாது, தைரியமும் கிடையாது. நான் குழாய் வேலை பார்க்கிறவன். அடுக்குமாடி வீடுகளைப் பராமரிக்கிற கம்பெனியில், ஒழுகுகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அடைப்பது என் வேலை. மேல்மாடிக்காரர் குளிக்கிற தண்ணீர் கீழ்மாடிக்காரர் தலையில் சொட்டினால், இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைத்தான் திட்டுவார்கள். திட்டு வாங்கி எனக்கு நல்ல பழக்கம். வீட்டில் எடுத்த பயிற்சி.

என் மனைவி பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவள். யாராவது பழைய சுவரின் பெயர்ந்த சில்லு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, இதே கலர் வேண்டும் என்பார்கள். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். டப்பாவில் இதில் ஒரு சொட்டு, அதில் அரைச் சொட்டு விடுவாள். குலுக்கித் திறந்தால் அதே சுவர் டப்பாவுக்குள் இருக்கும். கடையில் அதற்கென்று ஒரு மெஷினும் உண்டு. ஆனால் மெஷின் சொல்வதை இவள் ஒத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் என் நிலைமையும் ஏறக்குறைய அந்த மெஷினின் நிலைமைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். 'ஏங்க' என்றால் வீடு அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம். 'சார்' என்றால் மேகம் கூடுகிறது. 'ஐயா' என்று வந்துவிட்டால் நான் ரெஞ்சை எடுத்துக்கொண்டு, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்கக் கிளம்பிவிடுவேன்.

இப்படிப்பட்டவளை ஏன் ஏமாற்றத் துணிந்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அவள் கொஞ்ச நாளாகக் கதவுச் சட்டத்தில் தோளை இடித்துக்கொண்டிருந்தாள். இடித்துவிட்டுக் கதவைத் திட்டுவாள். சாயங்காலம் டீ ஊற்றினால் கால்வாசி டம்ளருக்கு வெளியே போகும். டம்ளரைத் திட்டுவாள். வீட்டில் என்னைத் தவிர மற்றப் பொருள்களும் திட்டு வாங்குவதைப் பார்த்து எனக்கு முதலில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அப்புறம்தான் பயம் வந்தது. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளை ஏதோ மெஷின் முன்னால் உட்காரவைத்துச் சோதனை செய்தார்கள். சொட்டு மருந்து விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார். போகப்போகக் குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி ஆகிவிடும் என்றார். என் சட்டைப் பை மேல் கம்பெனிக்காரன் அச்சடித்திருந்த குழாய்ப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாரோ, அல்லது எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாரோ, தெரியவில்லை. அதற்கப்புறம் என்று கேட்டேன். அந்தக் குழாயும் ஒரு நாள் மூடிக்கொள்ளலாம், சிலருக்குப் பல வருஷம் ஆகும், சிலருக்குச் சீக்கிரமே, இப்போதைக்கு மருந்து என்று எதுவும் இல்லை என்றார். வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். எத்தனையோ அடைப்பு எடுத்த கை இது. மேசைக்குக் கீழே அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தேன். அவள் கண்ணை மூடியபடியே, என்னவாம் என்று கேட்டாள்.

"பவர் மாறியிருக்காம்," என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரி, டீ குடிச்சுட்டுப் போலாம்," என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது. பக்குவமாகச் சொல்லத் தெரியாதவன் பக்குவமாகச் சொல்லாமல் விட்டேன்.

அந்த வாரமெல்லாம் வேலை செய்கிற கட்டடத்தின் பம்ப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் ஆள் என்ன செய்தாலும் வெளியே கேட்காது. வாட்ச்மேன் ஒரு நாள் எட்டிப் பார்த்து, என்ன சார், மோட்டார்ல ஏதும் ஒழுகுதா என்று கேட்டார். இல்லை, மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பெயின்ட் கம்பெனிக்காரர்கள் ஒரு தடவை கலர் அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அட்டையில் ஒரு பழைய கால்வாய் நகரத்தின் படம். தெருவுக்குப் பதிலாகத் தண்ணீர். இரண்டு பக்கமும் ஒல்லி ஒல்லியாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற அந்தக் கால வீடுகள். ஒவ்வொன்றும் ஒரு கலர். அத்தனை கலரும் தலைகீழாகத் தண்ணீரிலும். அதைக் கையில் வைத்துக்கொண்டு இவள் ஒரு நாள் சொன்னாள், இந்தச் செங்கல் கலர் என் கையில் மட்டும் வரவே மாட்டேங்குது, நேரில் பார்த்தால் வந்துவிடும் என்று.

அவளுக்குப் பார்வை இருக்கும்போதே அந்த ஊரைக் காட்டிவிட வேண்டும். காரணம் அவளுக்குத் தெரியக்கூடாது. இதுதான் என் சதி. வீடு வாங்குவதற்கென்று நாங்கள் சேர்த்து வைத்திருந்தது இருந்தது. இனி வீடு எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. போவதுதான் போகிறோம், சும்மா ஒரு லாட்ஜில் அடைந்து கிடக்கக்கூடாது. கால்வாயைப் பார்த்த ஜன்னல் உள்ள சொகுசு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ராணி மாதிரி உட்காரவைத்துக் காட்ட வேண்டும். தனி சமையலறையும் கட்டாயம் வேண்டும். ராணி அடுத்தவர் போட்ட டீயைக் குடிக்க மாட்டாள்.

அன்று சாயங்காலம் ஆரம்பித்தேன். கம்பெனியில் எனக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்றேன். வெளிநாட்டுப் பயணம், ஜோடியாக, எந்த ஊர் வேண்டுமானாலும்.

அவள் பீன்ஸ் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். "உங்க கம்பெனியா?" என்றாள்.

"ஆமா."

"போன மழைக்கு ரெயின்கோட்டு கேட்டதுக்கு, குடிதண்ணி கேன் மூடியை வேணா தலையில வெச்சுக்கச் சொன்னாங்களே, அந்தக் கம்பெனியா?"

"மேனேஜர் மாறிட்டாரு," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அப்புறம், சரி, எந்த ஊர் என்று கேட்டாள். நம்பிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி அவள் நம்பிய முதல் பொய். அந்தச் சந்தோஷத்தில் பீன்ஸில் பாதியை நானே நார் எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் மேல்மாடியில் டூர் அண்ணன் இருக்கிறார். தெருமுனையில் பயண ஏற்பாட்டு ஆபீஸ். உலகத்தின் எந்த மூலைக்கும் ஆள் அனுப்புவார். அவர் மட்டும் பஸ் ஏறினால் வாந்தி எடுப்பார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஒருவரிடம் என் மனைவியின் கண்ணைப் பற்றிச் சொன்னேன் என்றால் அது அவரிடம்தான். அவர் மேசையில் இருந்த உலக உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது நிற்கிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, நான் பாத்துக்கறேன். தங்கச்சிக்கு நல்ல வீடா பாக்கறேன்," என்றார்.

அடுத்த நாளிலிருந்து என் போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்தன. கால்வாய்க் கரை வீடுகள். உத்தரம் தெரிகிற கூரை, உள்ளுக்குள்ளேயே மாடிப்படி, ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற குளியல் தொட்டி.

பீன்ஸ் நார் எடுத்துக்கொண்டிருந்தவளிடம் போனை நீட்டினேன். நாளெல்லாம் கடையில் கலரைப் பார்த்துப் பார்த்துக் கண் அலுத்துப் போகிறது, போன் வெளிச்சம் குத்துகிறது, நீங்களே பார்த்துச் சொல்லுங்க என்றாள். போனைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் ஆரம்பித்தேன்.

"ஒரு ஹால். ரெண்டு ஜன்னல். சமையல் ரூம். சிங்க்குக்கு அடியில பைப்பைச் சுவத்துக்குள்ளயே விட்டிருக்கான், நல்ல வேலை."

"சுவர் என்ன கலர்?"

"வெள்ளை."

"எந்த வெள்ளை?"

இந்தக் கேள்வி எனக்குப் புரியவே இல்லை. வெள்ளையில் எந்த என்ன? அவள் நார் எடுப்பதை நிறுத்திவிட்டு எடுத்துச் சொன்னாள். சுண்ணாம்பு வெள்ளை இருக்கிறது, பால் வெள்ளை இருக்கிறது, பல் வெள்ளை இருக்கிறது, நனைந்து காய்ந்த காகித வெள்ளை இருக்கிறது, ஆஸ்பத்திரி வெள்ளை என்று ஒன்று இருக்கிறது, அதை மட்டும் அவள் யாருக்கும் கலந்து கொடுக்க மாட்டாள். இதில் எது?

"சும்மா வெள்ளை," என்றேன்.

"சார், சும்மான்னு ஒரு கலர் எங்க கடையில இல்ல," என்றாள். சார் வந்துவிட்டது. போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அந்தச் சுவரைப் பார்த்தேன். கடைசியில், பல் மாதிரி இருக்கிறது என்றேன். யாருடைய பல் என்றாள்.

அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் சொன்னதில் சுவர்க் கடிகாரம் பெரிதாக இருக்கிறதாம். ஊர் சுற்றப் போன இடத்தில் யார் கடிகாரம் பார்ப்பது?

அடுத்த வீட்டில் மெத்தையில் தலையணைகள் அதிகம். அதற்கடுத்த வீட்டுத் திரைச்சீலை நான் சொன்ன விதத்திலேயே அவளுக்குப் பிடிக்காமல் போனது. இன்னொன்று எல்லாமே நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது என்று தள்ளிவிட்டாள். அப்படியும் தப்பித் தவறி அவள் சரி என்று சொன்ன வீடுகளை உடனே பதிவு செய்யச் சொல்லி டூர் அண்ணனுக்குப் போன் போடுவேன். அவர் பெருமூச்சு விட்டு, இப்போதுதான் தம்பி, ஒரு நிமிஷம் முன்னால்தான் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்பார். உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் என் பெண்டாட்டி சரி சொல்வதற்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

இதற்கிடையில் நான் மற்ற சதிகளையும் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டு பல்புகளையெல்லாம் மாற்றிப் பெரியதாகப் போட்டேன். ஏன் என்றாள். கடையில் தள்ளுபடி என்றேன். கல்யாண மண்டபத்தில் குடித்தனம் நடத்துவது மாதிரி இருக்கிறது என்றாள். அவள் வேலையிலிருந்து வருவதற்குள் நடைவழியில் இருக்கிற ஸ்டூல், செருப்பு, பக்கெட் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிடுவேன். என் வாழ்நாளில் நான் வீட்டைப் பெருக்கியது அப்போதுதான். அவள் ஒரு நாள், கடையில் எனக்கு ஜன்னலோர மேசை கொடுத்துவிட்டார்கள், இனிமேல் மதியத்துக்கு முன்னால் மட்டும் கலர் கலந்தால் போதுமாம், ப்ரமோஷன் என்று சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வெளிச்சம் குறைந்தால் அவளுக்குக் கலர் பிரித்துத் தெரிவதில்லை என்பது கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் பம்ப் அறையில் மோட்டாரை வழக்கத்தைவிட நேரம் ஓடவிட்டேன். தொட்டி நிரம்பி வழிந்து, அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. எப்போது நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு சாயங்காலம் அவள் பீன்ஸ் நார் எடுக்க, நான் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "சுவரு முந்தாநாள் காய்ச்சின பால் மாதிரி இருக்கு. ஏடு படிஞ்ச இடம் மாதிரி மூலையில மட்டும் கொஞ்சம் மஞ்சள். மேசை மேல வெயில் விழுந்திருக்கு, யாரோ தண்ணியைக் கொட்டிட்டுத் துடைக்காம போன மாதிரி."

அவள் கை அப்படியே நின்றது. வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டாள். இடது பக்கம், காலை வெயிலாகத்தான் இருக்கும், நாற்காலியின் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது என்றேன். அப்புறம் என்றாள். ஜன்னல் கொக்கியில் துரு. துருவின் கலர் மருதாணி அழிகிற கட்டத்தில் இருக்கிற கலர். கீழே தண்ணீர், களிம்பு ஏறிய பித்தளை மாதிரி. ஒரு படகு போயிருக்க வேண்டும், எதிர் வீடுகளின் நிழலெல்லாம் துவைத்த துணி மாதிரி கசங்கியிருக்கிறது. சொல்லிக்கொண்டே போனேன். பீன்ஸ் அப்படியே கிடந்தது.

"நல்லாருக்கு," என்றாள். வீட்டைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று கேட்கப் பயந்து அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அந்தப் பழக்கம் வேலையிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு வீட்டம்மா குளியலறைச் சுவரில் ஊறல் என்று கூப்பிட்டார். பார்த்துவிட்டு, அழுது முடித்த முகத்தில் மை கரைந்து இறங்கின மாதிரி இறங்கியிருக்கிறது, ஓரமெல்லாம் டீக்கறை நிறம் என்றேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். தம்பி, இதை ரிப்பேர் பண்ணுவீங்களா, இல்ல வேற ஆளைக் கூப்பிடட்டுமா என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் சுருங்கிக்கொண்டே இருக்கிறது, இவள் தலையணை எண்ணிக்கொண்டிருக்கிறாள். போதும், இனி அவளைக் கேட்கப் போவதில்லை என்று தீர்மானித்தேன். நான் சொல்லி அவள் தள்ளிவிட்ட படங்களிலேயே சிறந்ததை நானே எடுத்தேன். மூன்று ஜன்னலும் கால்வாயைப் பார்த்தவை. வாசற்கதவைத் திறந்தால் நான்கு கல்படி, கடைசிப் படி தண்ணீருக்குள். படகு வாசலுக்கே வரும். ராஜா வீடு. மதியம் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் டூர் அண்ணன் ஆபீசுக்குப் போனேன். இப்போதே என் கண் முன்னால் பதிவு செய்யுங்கள் என்றேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். உருண்டையைப் பார்த்தார். அந்த வீடும் போய்விட்டது தம்பி என்றார்.

"திரையைத் திருப்புங்க," என்றேன்.

திருப்பவில்லை. நானே எட்டித் திருப்பினேன். வீடு காலியாகத்தான் இருந்தது. பச்சை எழுத்தில், கூவி அழைக்காத குறையாக, காலி என்று போட்டிருந்தது.

டூர் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அவரிடம் முதலில் வந்து போன அன்றைக்கே என் மனைவியும் வந்துபோனாளாம். அண்ணே, எதையும் பதிவு பண்ணாதீங்க, தினம் ரெண்டு படம் மட்டும் அனுப்புங்க, நான் சரின்னு சொன்ன வீட்டை அவர் கேட்டால் ஆள் வந்துட்டாங்கன்னு சொல்லுங்க, மற்றதை நான் பார்த்துக்கறேன் என்றாளாம். எதற்கு என்று இவர் கேட்டதற்கு, அவருக்குக் கொஞ்சம் பழக்கணும் என்றாளாம்.

"என்ன பழக்கணுமாம்?"

"அதை நான் கேக்கல தம்பி. தங்கச்சி என்னை அண்ணன் சாருன்னு கூப்பிட்டுச்சு. அதுக்கு மேல பேச எனக்குத் தைரியம் வரல."

நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். எனக்குக் கோபம் வருவது அபூர்வம் என்பதால் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று சரியாகத் தெரியவில்லை. வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, துவைத்துக் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டை ஒரு பக்கம், அவளுடையது ஒரு பக்கம், துண்டுகள் தனியாக. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, காலரைத் தொட்டு, பொத்தானைத் தொட்டுப் பிரித்து வைத்தாள். இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தாள். அடுக்கில் ஒன்றுகூட மாறவில்லை.

நான் வாசலிலேயே நின்றேன். என்னிடமிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தலையைத் துவட்டுங்க. டூர் அண்ணன் போன் பண்ணிட்டார்," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"அந்த மெஷின் முன்னாடி உக்காந்தப்பவே. வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா பட்டனை அமுக்கணும்னாங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் மெஷின் உள்ள 'டிக்'னு ஒரு சத்தம் வருது. சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சுங்க. வெளிச்சம் வரல."

"அப்புறம் ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டேனே. பவர் மாறியிருக்காம்னீங்க." இப்போது கண்ணைத் திறந்தாள். "அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து உங்க முகத்தைப் பாத்தேன். அது நல்லாவே தெரிஞ்சுது."

நான் கட்டில் ஓரத்தில் உட்காரப் போனேன். ஈரத்தோடு உட்காராதீங்க என்றாள். நின்றேன். அந்த ஊரை உனக்குக் காட்ட வேண்டும் என்றுதானே எல்லாம் செய்தேன், ஏன் தடுத்தாய் என்று கேட்டேன். கேட்கும்போது குரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

அவள் ஒரு துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"வாசலைத் திறந்தா கல்படி, கடைசிப் படி தண்ணிக்குள்ள. நீங்கதான் சொன்னீங்க. கரைக்கு வேலி கிடையாது, பாலத்துக் கைப்பிடி முழங்கால் உசரம். அதையும் நீங்கதான் சொன்னீங்க. எனக்கு ஓரம் தெரியாதுங்க. ஊரு முழுக்க ஓரமா இருக்கிற ஊருல நான் வீட்டையும் கலரையுமா பாத்துக்கிட்டு நடப்பேன்? என் காலைத்தான் பாத்துக்கிட்டு நடப்பேன். நம்ம வீட்டுத் தரையிலயே அது தெரியுதே, அதுக்கு எதுக்குக் கப்பல், விமானம்?"

சிங்க்குக்கு அடியில் போகிற பைப் வரைக்கும் பார்த்திருந்தேன். குளியல் தொட்டியின் வாட்டம் சரியில்லை என்று ஒரு வீட்டுக்காரருக்குச் செய்திகூட அனுப்பியிருந்தேன். தண்ணீர் எங்கே ஒழுகும், எங்கே தேங்கும் என்று தெரிந்த எனக்கு, அதில் அவள் விழுவாள் என்பது மட்டும் தோன்றவே இல்லை. இத்தனை படம் பார்த்தும்.

"அப்போ அத்தனை வீடு எதுக்குக் கேட்ட? நான் தினம் போனைக் கண்ணுல ஒட்டிக்கிட்டு..."

"பின்ன? கல்யாணமானதிலேர்ந்து நீங்க என்கிட்ட பேசினதெல்லாம், தண்ணி வந்துச்சா, சாப்ட்டியா, மோட்டார் போட்டியா. இவ்வளவுதான். நாளைக்கு எனக்கு ஒருத்தர் பாத்துச் சொல்லணும். வெளியாளை வெச்சா நமக்குக் கட்டுப்படியாகாது. இருக்கிற ஆளைத்தான் பழக்கணும். நீங்க சும்மா வெள்ளைன்னு சொன்ன அன்னைக்கு எனக்கு நிஜமாவே பயம் வந்துடுச்சு. கண்ணு போறதுக்குக்கூட அவ்வளவு பயப்படல."

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. முந்தாநாள் பால் என்றேனே, அது எப்படி என்று கேட்டேன்.

"அன்னைக்குத்தான் தூங்கினேன்," என்றாள்.

துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு துவட்டினேன். தலையைத் துவட்டுவதற்குத் தேவையானதைவிட நேரம் ஆனது. இங்கே மோட்டார் சத்தம் கிடையாது. அவள் என் சட்டைகளை அடுக்கின் மேல் இன்னொரு முறை தட்டிச் சரி செய்தாள். பயணம் வேண்டாம் என்றால் உனக்கு நான் என்னதான் கொடுப்பது என்று துண்டுக்குள்ளிருந்தே கேட்டேன்.

அவள் எழுந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் போனோம். நான் அவளைக் கூட்டிப்போனேனா, அவள் என்னைக் கூட்டிப்போனாளா என்று இப்போது யோசித்தாலும் சரியாகத் தெரியவில்லை. எங்கள் ஜன்னலுக்கு வெளியே பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு சந்து, எதிர்க் கட்டடத்தின் பின்பக்கம், துணிக்கொடி, இறங்கி வருகிற கழிவுநீர்க் குழாய்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். முகம் மட்டும் வெளியே பார்த்தபடி இருந்தது.

"சொல்லுங்க," என்றாள்.

நான் பார்த்தேன். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. எதிர்ச் சுவர் நனைந்து, அவள் கையில் வராத அந்தச் செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கொடியில் யாரோ மறந்துவிட்டுப் போன மஞ்சள் துப்பட்டா கனத்துத் தொங்கியது. குழாய்களின் மேல் தண்ணீர் கண்ணாடித்தாள் சுற்றிய மாதிரி வழிந்தது. கீழே தேங்கிய தண்ணீரில் ஒரு துண்டு வானம் உடைந்து உடைந்து சேர்ந்துகொண்டிருந்தது. இத்தனையும் தொண்டை வரைக்கும் வந்து அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு எடுக்கத் தெரியாத அடைப்பு. அவள் முகத்தைப் பார்த்தேன். காத்துக்கொண்டிருந்தாள். எப்படியோ ஆரம்பித்தேன்.

"மழை பெய்யுது," என்றேன்.

"அது எனக்கே கேக்குது, ஐயா. வேற?" என்றாள்.